அகப்பை பிடித்த தோள்

என் மனைவி பிழைப்பாளா இல்லையா என்று அறிந்துகொள்வதன் விலை ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம் ரூபாய். கொழும்பு ஆஸ்பத்திரிப் பெண் தொலைபேசியில் அதைச் சொன்னதும் என் வாய் தன்பாட்டில், "கடைசி விலை எவ்வளவு பிள்ளை?" என்று கேட்டுவிட்டது.

"ஐயா, இது ஸ்கான்" என்றாள்.

என்னைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நான் சாவகச்சேரிச் சந்தையில் சாக்குகளுக்கிடையில் வளர்ந்தவன். கேட்ட விலைக்கு வாங்குகிறவன் யாவாரியில்லை, விருந்தாளி என்பார் அப்பா. இப்போது எனக்குப் புதுக்குடியிருப்பில் கச்சான், அதாவது நிலக்கடலை, யாவாரம். விசுவமடுத் தோட்டங்களில் பச்சைக் கச்சானைச் சாக்குக் கணக்கில் எடுத்து, வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டிலில் மணல் போட்டு வறுத்து, முறிகண்டிக் கடைகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் அனுப்புகிறேன். கதிர்காமநாதன் கச்சான் என்றால் பரந்தன் வரைக்கும் தெரியும். அதை வறுப்பது யார் என்பது அவ்வளவு தூரம் தெரியாது.

பாதி நாட்களில் வறுப்பது கூலிக்கு வரும் செல்வராசா. மீதி நாட்களில் என் மனைவி இலட்சுமி. அவளுடைய தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து விசுவமடுவில் காடு வெட்டிக் குடியேறியவர். நான் அவளைக் கட்டியபோது என் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஊருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தானே வேண்டும்? "வேலைக்குக் கை பழகின பிள்ளை" என்றா. அது புகழ்ச்சியா, பொருளின் தரம் சொல்வதா என்று நான் அன்று யோசிக்கவில்லை. பிறகும் யோசிக்கவில்லை. சௌகரியமாக இருந்தது.

போன வருடம் அவளுடைய கழுத்தின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி வந்தது. முதலில் ஒரு கச்சான் பருப்பளவு. பிறகு கோதோடு சேர்ந்த அளவு. பிறகு கைக்கு அடியில் கமக்கட்டிலும் வந்தது. நிணநீர்ப் புற்று என்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆறு தரம் மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் போனது. கட்டிகளும் சுருங்கின. ஆனால் கழுத்தில் ஏதோ கொஞ்சம் தடிப்பாக நின்றுகொண்டது. அது செத்த தழும்பா, உயிரோடு பதுங்கியிருக்கும் புற்றா என்று கையால் தடவிச் சொல்ல முடியாது. பெட்-சிடி என்ற ஸ்கான்தான் சொல்லும் என்றார் டொக்டர். செத்தது என்றால் மருந்தை நிறுத்தலாம். உயிரோடு இருக்கிறது என்றால் இதைவிடக் கடுமையான மருந்து. "அந்த மருந்தைத் தாங்கிற உடம்பு வேணும்" என்று சொல்லிவிட்டு, இலட்சுமியின் மணிக்கட்டைப் பார்த்தார்.

ஆகவே ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம். அந்தக் கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாள் கிடைத்தது.

அங்கே வேலை செய்யும் தாதி சுதாஜினி ஓமந்தைப் பிள்ளை. தமிழில் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு நானும் இலட்சுமியும் கேட்டோம்.

"ஐயா, சீனி மாதிரி ஒரு மருந்தில கொஞ்சம் கதிர் ஏத்தி ஊசியாப் போடுவம். உடம்பில எது பசியோட இருக்கோ அது அந்தச் சீனியை இழுக்கும். இழுத்த இடம் படத்தில எரியும். புற்று எண்டது பெரிய பசிக்காரன். அதாலதான் பிடிபடுறான்."

"நல்ல பொறி" என்றேன்.

"ஆனால் வேலை செய்த தசைக்கும் பசிக்கும் ஐயா. அதாலதான் சொல்லுறன். முதல்நாள் சோறு, சீனி குறைக்கோணும். ஆறு மணித்தியாலம் தண்ணியைத் தவிர ஒண்டும் வாயில வைக்கக் கூடாது. இருபத்துநாலு மணித்தியாலம் பாரமான வேலை ஒண்டும் செய்யக் கூடாது. அம்மாவைச் சும்மா இருக்கச் சொல்லுங்கோ."

"சும்மாவோ?" என்று இலட்சுமி சிரித்தாள். "அது எப்பிடி எண்டு ஆரும் பழக்கினால்தான்."

சுதாஜினியும் சிரித்தாள். சிரித்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தரம் சொன்னாள்.

பிரச்சினை அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையில் இருந்தது. அன்றைக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். வருடத்தில் எனக்கு அது போல இன்னொரு நாள் இல்லை. ஆறு சாக்குக் கச்சான் சனி விடிய முதல் வறுத்துக் கட்டி இருக்கவேண்டும். வியாழன் பின்னேரம் செல்வராசா வந்து, பொங்கல் நேரம், நாலாயிரம் தரவேணும் என்றான். வழமையாக மூவாயிரத்து ஐந்நூறு. நான் மூவாயிரத்து ஐந்நூறில் நின்றேன். அவன் வாசல் படலை வரைக்கும் போனான். யாவாரத்தில் படலை வரைக்கும் போவது ஒரு முறை. கூப்பிடுவார்கள் என்று போவது. நான் கூப்பிடவில்லை. அவன் திரும்பி வருவான் என்று காத்திருந்தேன். அதுவும் ஒரு முறை. அவன் வேறு முதலாளியிடம் போய்விட்டான்.

வெள்ளி காலை, வவுனியாவில் கம்பஸில் படிக்கும் மகள் சுரேகா தொலைபேசி எடுத்தாள். "அப்பா, அம்மா இண்டைக்கு ஒரு வேலையும் செய்யக் கூடாது. விளங்கினதோ?"

"ஓம் ஓம். ஆனால் பிள்ளை, இருபத்துநாலு எண்டால் அவங்கள் கூட்டித்தானே சொல்லுவாங்கள்? ஆரும் முழுசாக் குடுக்க மாட்டினம் எண்டு தெரிஞ்சுதானே சொல்லுறது."

"அப்பா, அது விலையில்லை."

"எல்லாத்திலயும் ஒரு இடம் விட்டுத்தான் சொல்லுவினம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

நான் போட்ட கணக்கு இதுதான்: எட்டு மணிக்கு வறுக்கும் தாச்சியை அடுப்பில் வைத்தால் ஒரு மணிக்கு முடியும். ஒரு மணியிலிருந்து மறுநாள் ஒன்பது வரை இருபது மணித்தியாலம். கேட்டது இருபத்துநாலு, கொடுப்பது இருபது. எந்தச் சந்தையிலும் இது நியாயமான முடிவு. சோற்றிலும் சீனியிலும் நான் பேரம் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றில் எனக்கு நட்டமில்லை.

இலட்சுமியிடம் இதைச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள். மொட்டைத் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். "விறகைக் கிட்டக் கொண்டுவந்து போடுங்கோ" என்று மட்டும் சொன்னாள். நான் வற்றாப்பளைக் கடைக்காரனோடு தொலைபேசியில் இருந்தேன். கதைத்து முடித்துப் போனபோது விறகு ஏற்கெனவே அடுப்பருகில் இருந்தது.

கச்சான் வறுப்பது பார்க்கிறவனுக்கு வேலை போலத் தெரியாது. ஆளை விட அகலமான தாச்சி. கொதிக்கிற மணல். நீளப் பிடி போட்ட அகப்பையால் அடியிலிருந்து கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு நிமிடம் நிறுத்தினால் அடி கருகும். பிறகு அரிதட்டில் அள்ளி மணலைச் சலித்துவிட வேண்டும். ஆறு சாக்கு. அவள் ஒரு மணிக்கு முடிக்கவில்லை. இரண்டேகாலுக்கு முடித்தாள். பதினெட்டே முக்கால் மணித்தியாலம் என்று மனதுக்குள் திருத்திக்கொண்டேன்.

பின்னேர பஸ்ஸில் அவள் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு வந்தாள். "சீற் சரியில்லை" என்றேன். அவள் ஓம் என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அவளை ஒரு தனியறையில் படுக்கவைத்தார்கள். ஒரு மணித்தியாலம் அசையக் கூடாது, கதைக்கவும் கூடாது. நான் வெளியில் சுதாஜினியிடம் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். அந்த மருந்து காலையில்தான் செய்து வந்ததாம்; இரண்டு மணித்தியாலத்துக்குள் அதன் கதிரில் பாதி போய்விடுமாம்.

"அப்ப முல்லைத்தீவு மீன் எவ்வளவோ திறம் பிள்ளை. மத்தியானம் வரைக்கும் நிண்டு பிடிக்கும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நல்ல பிள்ளை. அன்று நான் கடைசியாகப் பெருமையாக உணர்ந்தது அந்த நிமிடத்தில்தான்.

படம் எடுத்து முடிந்ததும் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் வயதான சிங்கள அம்மா. கணினித் திரையில் ஒரு மனித உருவம் சாம்பல் நிறத்தில் நின்றது. மூளையும் சிறுநீர்ப்பையும் எரிந்துகொண்டிருந்தன. அவை எல்லாருக்கும் எரியும் என்றாள் சுதாஜினி. ஆனால் அந்த உருவத்தில் வலது முன்னங்கை எரிந்தது. வலது தோள் தணலாக இருந்தது. கழுத்தின் வலப்பக்கம், முதுகுத்தண்டின் இரண்டு கரை, எல்லாம் செம்மஞ்சள். இடது கை இருட்டாகக் கிடந்தது. நான் அந்த உருவத்தை அதற்கு முதல் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். எங்கள் கொட்டிலில், பின்பக்கத்திலிருந்து.

டொக்டர் என்னவோ கேட்டா. சுதாஜினி என்னைப் பார்த்தாள். "அம்மா தோணி வலிக்கிறவவோ எண்டு டொக்டர் கேக்கிறா."

எனக்கு முதலில் வந்த வெட்கம் பிழையான வெட்கம். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். என் மனைவியைக் கூலிக்காரி என்று நினைத்துவிட்டார்களே என்றுதான் வெட்கப்பட்டேன். "தோணியோ? நாங்கள் யாவாரக் குடும்பம் பிள்ளை. கடை இருக்கு" என்றேன்.

"அப்ப நேற்று அம்மா என்ன வேலை செய்தவா?"

"வீட்டு வேலைதான். கொஞ்சம்... சமையல் அது இது..."

டொக்டர் திரையைப் பார்த்தா. பிறகு என் கைகளைப் பார்த்தா. அந்த நேரத்தில்தான் இலட்சுமி வாய் திறந்தாள்.

"நான்தான் பிள்ளை. சும்மா இருக்க ஏலாமல் கச்சான் வறுத்தனான். இவர் வேண்டாம் வேண்டாம் எண்டு சொன்னவர். நான் கேக்கேல்லை."

சுதாஜினி அதைச் சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்து, உண்மையா என்பது போலப் புருவத்தை உயர்த்தினா.

நான் தலையாட்டினேன். ஓம் என்றுகூடச் சொல்லவில்லை. சும்மா ஒரு தலையாட்டல்.

பிறகு டொக்டர் சொன்னதைச் சுதாஜினி தமிழில் சொன்னாள். சீனியைத் தசை தின்றுவிட்டது. பார்க்க வேண்டிய கழுத்தும் கமக்கட்டும் வேலை செய்த தசைக்குள் மூடுண்டு கிடக்கின்றன. எரிவது புற்றா, களைப்பா என்று பிரிக்க முடியாது. இன்னொரு தரம் எடுக்கவேண்டும்.

இன்னொரு தரம் என்றதும் என்னுள் இருந்த சந்தைக்காரன் எழும்பிவிட்டான். காசு கட்டும் இடத்துக்குப் போய், "உங்கட ஆக்கள் ஒழுங்கா விளங்கப்படுத்தேல்லை. எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. திருப்பி எடுக்கிறதெண்டால் உங்கட செலவில எடுங்கோ" என்றேன். குரல் நன்றாகவே எடுத்தது. காசாளர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி சுதாஜினியைக் கூப்பிட்டார். அவள் ஒரு கோப்போடு வந்து நின்றாள். அவளுடைய விரல்கள் கோப்பின் ஓரத்தைப் பிடித்திருந்த விதத்தில், இந்த வேலையில் அவள் சேர்ந்து அதிக நாள் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எதிராளியின் கையைப் பார்த்து நிலவரம் அறிவது என் தொழில். இன்னும் கொஞ்சம் அமத்தினால் பாதி விலைக்காவது இறங்குவார்கள் என்றும் தெரிந்தது.

"நீங்கள் சொன்னீங்களோ?" என்று மேலதிகாரி அவளைக் கேட்டார்.

பின்னால் கதிரை நகரும் சத்தம். இலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அந்தப் பிள்ளை சொன்னவா ஐயா. போனில. எனக்குக் கேக்கத்தக்கதாய், ரெண்டு தரம்."

அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "உங்களுக்காக ஒரு பொய் சொல்லிப்போட்டன். அவவின்ர வேலைக்கு மேல இன்னொண்டு சொல்ல மாட்டன்."

சுதாஜினி கோப்பைத் திறக்கவேயில்லை. மூடியபடியே கொண்டு போனாள்.

ஊருக்கு வந்து சந்தையில் கேட்டவர்களுக்கெல்லாம், மெசின் பழுதாம் என்றேன். அதுவும் என் கணக்கில்தான். வற்றாப்பளையில் ஆறு சாக்கும் விற்றுத் தீர்ந்தன. அந்த வருடம் பதம் திறம் என்று சொன்னார்கள். நாலாம் நாள் செல்வராசா கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினான்.

"அண்ணிக்கு என்னவாம் அண்ணை?"

மெசின் என்று தொடங்கினேன். முடிக்க முடியவில்லை. என்னவோ, அவனிடம் சொல்லிவிட்டேன். முழுவதும். தலையாட்டியதைத் தவிர.

அவன் தராசுத் தட்டை நேராக்கினான். "அஞ்சூறு ரூவாய்க்கோ அண்ணை?" என்றான். குத்தலாகக் கேட்கவில்லை. தன்னையும் அதில் சேர்த்துக் கேட்டான். அதுதான் தாங்க முடியவில்லை.

இரண்டாவது ஸ்கானுக்கு ஐந்து கிழமை சென்றது. காசு புரட்ட வேண்டியிருந்தது. ஐந்து கிழமையும் அவள் கழுத்துக்குள் இருப்பது செத்ததா உயிருள்ளதா என்று தெரியாமலே நாங்கள் ஒரே பாயில் படுத்தெழும்பினோம். அவள் கழுத்தைத் தடவிப் பார்ப்பதை நான் பார்த்துவிட்டால் கையை எடுத்துவிடுவாள். கடைசியில் மோட்டார் சைக்கிளை விற்றேன். கேட்ட விலைக்கே கொடுத்தேன். வாங்க வந்தவன் பயந்துவிட்டான். "களவு வண்டியோ அண்ணை?" என்று இரண்டு தரம் வண்டிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான்.

போவதற்கு முந்திய மூன்று நாளும் இலட்சுமி கொட்டிலில் கதிரையில் இருந்தாள். செல்வராசா வருகிறேன் என்றான். வேண்டாம், அந்த மூன்று நாளும் நான் வறுக்கிறேன் என்றேன். இலட்சுமிக்குத் தன் இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தாள், எடுத்தாள், சேலைத் தலைப்பைச் சுற்றினாள். வாய்க்கு மட்டும் ஓய்வில்லை.

"மணல் காயேல்லை. என்ன அவசரம்?"

"காஞ்சிட்டுது."

"காஞ்சால் உங்களுக்கு முதல் எனக்கு மணக்கும். ஆ, இடப்பக்கம் எரியுது, அடியில இருந்து கிண்டுங்கோ. கோயில் மணி அடிக்கிற மாதிரி ஆட்டினால் கச்சான் வறுபடுமோ?"

மூன்றாம் நாள் பின்னேரம் என்னால் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. என்னை அந்த மெசினுக்குள் போட்டிருந்தால் பரந்தனுக்கே வெளிச்சம் கொடுத்திருப்பேன். அரை நாள், அதுவும் ஆறு தரம் நஞ்சு ஏற்றிய உடம்போடு, அவள் இதைச் செய்தாள். நான் அந்த நேரம் தொலைபேசியில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

அதே அறை, அதே டொக்டர். இந்தத் தரம் தோள் இருட்டு. முதுகு இருட்டு. கழுத்தும் இருட்டுத்தான், ஒரு இடத்தைத் தவிர. அங்கே ஒரு கச்சான் பருப்பளவில் மங்கலாக என்னவோ தெரிந்தது. டொக்டர் அதை அளந்தா, பெரிதாக்கினா, திரும்பவும் அளந்தா. புற்றின் எரிவு இப்படி மங்கலாக இராது, பெரும்பாலும் தழும்பாகத்தான் இருக்கும், கடுமையான மருந்து இப்போது தேவையில்லை, மூன்று மாதத்தில் பார்ப்போம் என்று சுதாஜினி சொல்லச் சொல்ல, இலட்சுமி மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு தரம் மூக்கை உறிஞ்சினாள்.

நான் எழும்பினேன். "பிள்ளை, டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. முதல்தரம் இவா தானாச் செய்யேல்லை. நான்தான் வறுக்கச் சொன்னனான். கேக்கேக்கை பேசாமல் தலையாட்டினதும் நான்தான். உங்களைப் பற்றி அங்க போய்ச் சொன்னதும் பொய்."

சுதாஜினி மொழிபெயர்க்கவில்லை. "டொக்டருக்கு அது அண்டைக்கே தெரியும் ஐயா."

"எப்பிடி?"

"ஏலாத ஒரு ஆள் தன்ர பாட்டில வேலை செய்தால் களைச்ச உடனே விட்டிடும். படத்தில அங்கொண்டு இஞ்சொண்டு எரியும். அண்டைக்கு எரிஞ்சது அப்பிடி இல்லை." அவள் கோப்பை மூடினாள். "இருங்கோ ஐயா. தண்ணி தரட்டோ?"

தண்ணீர் தந்தாள். அதை வாங்கிக் குடித்தது அந்த நாளில் நான் செய்த ஆகக் கடினமான வேலை.

திரும்பி வந்த பஸ் முறிகண்டியில் நின்றது. எல்லாரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, எல்லாரும் செய்வது போலக் கச்சான் வாங்கினோம். பஸ் வெளிக்கிட்டதும் இலட்சுமி பொதியைப் பிரித்து ஒன்றை உடைத்து வாயில் போட்டாள். மென்றாள். நிறுத்தினாள்.

"இது எங்கட சாக்கு" என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"கருகிக் கிடக்கு. முதலாளி வறுத்தது."

அவள் சிரித்ததில் முன் சீற்றுக்காரர் திரும்பிப் பார்த்தார். சாப்பிட்டாள், கருகியதைத் தள்ளாமல். நான் சட்டைப்பையிலிருந்து கணக்குக் கொப்பியை எடுத்தேன். அதில் கச்சான்காரர், விறகுக்காரர், செல்வராசா, எல்லாருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. வெறும் பக்கம் ஒன்றைப் பிரித்து மேலே இலட்சுமி என்று எழுதினேன். இருபத்தொரு வருடத்தில் அந்தப் பெயர் அந்தக் கொப்பிகளில் ஏறுவது அதுதான் முதல் தரம். பஸ் ஆடியதில் எழுத்துக் கோணியது.

"என்னப்பா எழுதிறியள்?"

"உன்ர சம்பளம். அந்த வெள்ளிக்கிழமைக்கு. நாலாயிரம், செல்வராசா கேட்ட விலை. குறைக்கேல்லை." நான்கு ஆயிரம் ரூபாய்த் தாள்களை அவளுடைய வலது கையில் வைத்தேன்.

அவள் தாள்களைப் பார்த்தாள். கொப்பியைப் பார்த்தாள். கச்சான் கோதை யன்னலால் போட்டாள்.

"ஒரு நாளுக்கோ?" என்றாள். பிறகு, "யுத்தம் முடிஞ்சு முகாமில இருந்த காலத்தைக் கழிச்சுப்போட்டு எழுதுங்கோ. அங்க தாச்சி இருக்கேல்லை. பொய்க்கணக்கு வேண்டாம்" என்றாள்.

எழுதினேன். கொடுத்தது: ஒரு நாள், நாலாயிரம். கொடுக்க உள்ளது: முகாமில் இருந்த காலம் நீங்கலாக இருபத்தொரு வருடத்தில் அவள் தாச்சிக்கு முன்னால் நின்ற மற்ற நாட்கள் எல்லாம், அவற்றோடு ஒரு தலையாட்டல். அதற்கு நேரே தொகை எழுதவில்லை. கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.